நீ அனுப்பிய கேரட் மாத்திரை

மகனே, வியாழக்கிழமை மஸ்கட்டிலிருந்து நீ வீடியோவில் கூப்பிட்டபோது பாதிப் பேச்சில் நான் போனை வைத்துவிட்டேன். சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று பிறகு சொன்னேன். பொய். தக்கலையில் நீ திறக்கப்போகிற சத்து மாத்திரைக் கடைக்குப் போர்டு எவ்வளவு நீளம் வரும் என்று காட்டுவதற்காக இரண்டு கைகளையும் விரித்துப் பிடித்தாய். உன் உள்ளங்கைகள் திரை முழுக்கத் தெரிந்தன. மஞ்சளாக இருந்தன. உன் அறை விளக்கின் வெளிச்சமாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் பின்னாலிருந்த சுவர் வெள்ளையாகத்தான் இருந்தது, உன் சட்டைக் காலரும் வெள்ளையாகத்தான் இருந்தது. அந்த நிறத்தை நான் இதற்கு முன் ஒருவர் கையில்தான் பார்த்திருக்கிறேன். அவரை எரித்து இரண்டு வருஷம் ஆகிறது.

எரித்து என்றா எழுதினேன்? நம் ஆட்கள் அடக்கம்தானே செய்வோம், உன் அப்பாவை வடக்கு நோக்கி உட்காரவைத்துத்தானே அடக்கினோம். பார், கை என்னென்னவோ எழுதுகிறது. அடித்துத் திருத்தாமல் அப்படியே விடுகிறேன், நான் எந்த நிலையில் இருக்கிறேன் என்று உனக்குத் தெரியட்டும். இதைப் போனில் சொல்ல முடியாது. இரண்டாவது வார்த்தையிலேயே நீ குறுக்கே விழுவாய், அந்த விஷயத்தில் நீ அப்படியே அப்பா. அதனால் எழுதுகிறேன். கடை நோட்டீசில் போட வெள்ளைக் கோட்டு போட்ட என் பழைய படத்தைக் கேட்டாய். அதை ஏன் தரமாட்டேன் என்பதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

முப்பத்தொரு வருஷம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை எண்ணிக் கொடுத்தவள் நான். எவ்வளவு கண்டிப்பு என்று உனக்கே தெரியும். கடியப்பட்டணத்திலிருந்து மீன் விற்றுவிட்டு வருகிற பெண்கள், பக்கத்து வீட்டுக்காரி தந்த மாத்திரையை விழுங்கினேன் என்று சொன்னால் வரிசையில் நிற்கவைத்தே திட்டுவேன். அவர்கள் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்றும் தெரியும், அதை இங்கே எழுதமாட்டேன். இப்படி ஊரையே மிரட்டிய நான், என் வீட்டு மேஜையில் நாலு வருஷம் இருந்த ஒரு புட்டியை ஒரு முறைகூட ஒழுங்காகப் படிக்கவில்லை. அதன்மேல் கேரட் படமும் ஒரு பச்சை இலையும் இருந்தன. அவ்வளவுதான், என் படிப்பு முழுவதும் அந்த இலைக்குக் கீழே அடங்கிவிட்டது.

உன் அப்பா சிகரெட் குடிப்பார் என்பது நம் மூன்று பேருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம் என்று நாம் நினைத்திருந்தோம். நம் பலசரக்குக் கடைக்குப் பின்னால் அரிசி மூட்டை அடுக்கிய கிட்டங்கியில் நின்று குடிப்பார். ஞாயிற்றுக்கிழமை குளித்து, தலைப்பாகை கட்டி, தாங்கலில் அய்யாவுக்குப் பணிவிடைக்கு நிற்பார், கும்பிட வருகிறவர்கள் நெற்றியில் நாமம் இடுவார். அந்தக் கைக்கு அந்தப் பழக்கம் ஆகாது என்று அவருக்கும் தெரியும். வெட்கப்பட்டார், ஆனால் விடவில்லை. நான் என்ன செய்தேன்? சண்டை போடவேண்டியவள், அவர் சட்டைப் பையில் தினமும் நாலு கிராம்பு போட்டு வைத்தேன், வாய் மணக்கட்டும் என்று. கட்டினவனின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைப்பு. உனக்குப் பதினேழு வயதில் கிட்டங்கியில் அவரைப் பார்த்துவிட்டாய். அன்றைக்கு அதை மறைப்பதில் நீயும் எங்களோடு சேர்ந்துகொண்டாய்.

நீ மஸ்கட் போய் முதல் லீவில் வந்தபோது பெட்டி பிரித்தது நினைவிருக்கிறதா? தைலம், சோப்பு, பாதாம், அதற்கு நடுவில் அந்தப் புட்டிகள். கேரட்டிலிருந்தும் எண்ணெய்ப்பனைப் பழத்திலிருந்தும் எடுத்த சத்து, கண்ணுக்கு நல்லது, சிகரெட் குடிக்கிறவர்கள் நெஞ்சுக்கு ரொம்ப நல்லது என்று எங்கோ படித்ததாகச் சொன்னாய். அடுக்களையில் என்னிடம் ரகசியமாக, "அப்பா விடமாட்டாவ, எனக்குத் தெரியும். இதயாவது டெய்லி குடுங்கம்மா. செடியில இருந்து எடுத்ததுதான், ஒண்ணும் செய்யாது" என்றாய். உன் மனசில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அதை நான் இந்தக் கடிதம் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்வேன், நீ சலித்துக்கொண்டாலும் சரி. அப்பாவுக்கோ பெருமை தாங்கவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் புட்டியைக் காட்டினார். என்னிடம், "எனக்க மோன் எனக்கு மருந்து கொண்டு வந்திருக்கான். இனி பயப்படாண்டாம், கேட்டியா" என்றார். அன்றுமுதல் காலைக் காப்பியோடு ஒன்று. புட்டி தீரத் தீர, ஊருக்கு வருகிறவர்களிடம் நீ கொடுத்தனுப்பினாய். கொஞ்ச நாளில் அதை இரண்டாக்கினார். ஒன்று நல்லதென்றால் இரண்டு இன்னும் நல்லதுதானே என்பது அவர் கணக்கு. சிகரெட்டும் கூடியது. மாத்திரை காவல் நிற்கிறதே, இனி என்ன என்று அவருக்குத் துணிச்சல். முன்பு இருமல் வந்தால் இரண்டு நாளாவது பயந்து நிறுத்துவார், அந்தப் பயமும் போய்விட்டது. பயம் போனதுதான் முதல் ஆபத்து என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கடை விஷயமாக நீ என்னிடம் போன மாதம் வாதாடியது எனக்கு மறக்கவில்லை. பிஸ்கட்டிலும் வெண்ணெயிலும் குளிர்பானத்திலும் நிறத்துக்கு இந்தக் கேரட் சத்தைத்தானே சேர்க்கிறார்கள், அரசாங்கமே அனுமதித்திருக்கிறதே, நாம் தினமும் சாப்பிடுகிற முருங்கைக்கீரையிலும் பப்பாளியிலும் இருப்பதும் இதுதானே என்றாய். எல்லாம் சரி. கீரையை நான் குற்றம் சொல்லவில்லை, பிஸ்கட்டின் நிறத்தையும் சொல்லவில்லை. நிறத்துக்குப் போடுவது துளி. கீரையோடு வருவது கீரைக்குள் கலந்து வருவது, வயிறு நிறைந்தால் நாமே நிறுத்திவிடுவோம். மாத்திரைக்குள் இருப்பது ஒரு கூடைக் காய்கறியைச் சுண்டக் காய்ச்சி எடுத்ததுபோல. அதைத் தினமும், வருஷக்கணக்கில், புகையால் புண்ணான நெஞ்சுக்குள் இறக்குவது வேறு. மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவில் இருப்பது அளவுதான் என்று வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். செடியில் விளைந்தது என்பதற்காக அது ஆள் பார்த்து நடந்துகொள்ளாது. நம் வேலியோரம் நிற்கிற அரளியும் செடிதான்.

மூன்றாவது வருஷம் அப்பாவின் கை மஞ்சளித்தது. தாங்கலில் நாமம் இடும்போது ஒருவர் கையைப் பிடித்துப் பார்த்துக் காமாலையா என்று கேட்டிருக்கிறார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி. ஆளாளுக்குக் கீழாநெல்லியோடு வந்துவிட்டார்கள். நான் அவரை வெளிச்சத்தில் உட்காரவைத்து இமையை இழுத்துப் பார்த்தேன். கண் வெள்ளை வெளேரென்று இருந்தது. காமாலை என்றால் கண்ணில் தெரியும், இது அது இல்லை, அந்தக் கேரட் மாத்திரையின் நிறம்தான் தோலில் ஏறியிருக்கிறது என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன். எனக்கு எவ்வளவு கர்வம் தெரியுமா? என் படிப்பு வீட்டில் உதவிய நாள் அது என்று நினைத்தேன். ஆனாலும் ஊர் வாய் அடங்கவில்லை, ஒரு டாக்டர் சொல்லட்டும் என்றார்கள். நாகர்கோவிலில் தோல் டாக்டர் ஒருவரிடம் போனோம்.

தாங்கல் கமிட்டிச் செயலாளர் செல்லத்துரை தன் காரில் கூட்டிக்கொண்டு போனார். நல்ல மனுஷன். நம் ஊர் வழக்கப்படி அவரும் எங்களோடு டாக்டர் அறைக்குள்ளேயே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒருவருக்கு உடம்புக்கு என்றால் மூன்று பேர் உள்ளே நுழைவதுதானே நமக்குப் பாசம். டாக்டர் கையைப் பார்த்தார், புட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தார், நிறத்துக்குப் பயப்பட வேண்டாம், மாத்திரையை நிறுத்தினால் தானே போய்விடும் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இவரு சிகரெட் வலிப்பாரா?" என்று கேட்டார். உன் அப்பா தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தார். செல்லத்துரை என்னைப் பார்த்தார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இல்ல டாக்டர். இவிய தாங்கல்ல பணிவிட செய்யுதவிய" என்றேன்.

"அப்ப சரி. வலிக்கிற ஆளா இருந்தா இத இன்னைக்கே நிறுத்தச் சொல்லியிருப்பேன்" என்றார் டாக்டர். சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்துவிட்டார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நான் சொன்ன பொய் அங்கேயே உடையும். எழுந்து வந்துவிட்டேன். முப்பத்தொரு வருஷம் நோயாளிகளிடம், டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள் என்று சொல்லிய அதே வாய். திரும்பி வருகையில் காரில் செல்லத்துரை, அண்ணனுக்கு ஒன்றுமில்லை என்று எல்லோருக்கும் போனில் சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும், டாக்டர் சொன்னதைக் கேட்டீர்களா, சிகரெட், மாத்திரை ரெண்டில் ஒன்றை விடுங்கள் என்றேன். அவர் சிரித்தார். "அவன் அனுப்புனது எனக்குத் தோஷம் செய்யுமா?" என்றார். மறுநாள் காலை காப்பியோடு வழக்கம்போல இரண்டை எடுத்து வைத்தேன். அதன்பிறகும் ஒரு வருஷம் வைத்தேன். இந்தக் கையால்.

பிறகு நடந்தது உனக்குப் பாதி தெரியும். இருமலில் ரத்தம் வந்தது, ஸ்கேனில் வலது நெஞ்சில் நிழல் தெரிந்தது, திருவனந்தபுரம் கொண்டுபோனோம். உனக்குத் தெரியாத பாதி இது. அங்கே ஒரு சின்ன வயது டாக்டரம்மா, வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டாள். அன்றைக்கு என்னோடு யாரும் உள்ளே இல்லை. புட்டியை எடுத்து வைத்தேன், சிகரெட்டையும் சொன்னேன், நாள் கணக்கையும் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். சிகரெட் குடிக்கிறவர்களுக்கு இது நெஞ்சைக் காக்கும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பினார்களாம். நிறையப் பேருக்குக் கொடுத்துப் பார்த்தபோது புற்றுநோய் குறையவில்லை, கூடியதாம், அந்தச் சோதனையையே பாதியில் நிறுத்தவேண்டி வந்ததாம். அதனால்தான் புகைப்பவர்களுக்கு இதை மாத்திரையாகக் கொடுக்கவே கூடாது என்கிறார்கள். இவருக்கு வந்தது இதனாலா என்று கேட்டேன். சிகரெட் ஒன்றே போதும், மாத்திரை எவ்வளவு கூட்டியது என்று யாராலும் சொல்ல முடியாது, கூட்டவே இல்லை என்றும் சொல்ல முடியாது என்றாள். அந்தப் பதிலோடுதான் நான் இரண்டு வருஷமாக எழுந்து, குளித்து, சோறு பொங்கிக்கொண்டிருக்கிறேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

அப்பாவின் பதினாறு முடிந்த மறுநாள், நீ கிளம்புகிற அன்று, கிணற்றடியில் நின்று என்னிடம் கேட்டாய்: "நான் அனுப்புன மாத்திரய தவறாம குடுத்தியளாம்மா?"

"குடுத்தேன் மக்கா. ஒரு நாளும் தவறல" என்றேன்.

உன் முகம் தெளிந்தது. நம்மால் ஆனதைச் செய்தோம் என்று என் தோளைப் பிடித்துச் சொன்னாய். அந்தத் தெளிவைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. அப்பனுக்கு நான்தான் எமனாகிவிட்டேன் என்று என் பிள்ளை ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டு அயல் தேசத்தில் ஒற்றையில் கிடப்பானே என்று பயந்தேன். மறைத்தேன். முதல் பொய் அவர் மானத்துக்கு, இரண்டாவது பொய் உன் நிம்மதிக்கு. என் பொய்கள் எல்லாமே அன்பில் சொன்னவைதான், அதனால்தான் அவை இவ்வளவு தூரம் வந்துவிட்டன.

போன லீவில் உன் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் நாலு கிராம்பு இருந்தது. என்னடா இது என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டிய இடத்திலெல்லாம் வாயை மூடிக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நீ சிகரெட் குடிக்கிறாய். அப்பாவுக்கு நடந்ததைப் பார்த்த பிறகும் குடிக்கிறாய். எந்தத் தைரியத்தில் என்று யோசித்தேன், விளங்கவில்லை. வியாழக்கிழமை உன் கையைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. நீயும் அந்த மாத்திரையை நம்பித்தான் இருக்கிறாய். நான் ஒரு நாளும் தவறவில்லை என்று சொன்னதை, தினமும் போடவேண்டும் என்று எடுத்துக்கொண்டாயா? இன்னும் சீக்கிரம் ஆரம்பித்திருந்தால் அப்பா பிழைத்திருப்பார் என்று நினைத்தாயா? அதற்குத்தான் கடையும் போர்டும் நோட்டீசுமா? என் பொய் உன் வாய்க்குள் தினமும் போய்க்கொண்டிருந்திருக்கிறது, நான் இங்கே உனக்காக விளக்கேற்றிக்கொண்டிருந்தேன்.

பெட்டி பிரித்தபோது மூன்று வீட்டுக்கு என் கையாலேயே புட்டி கொடுத்தேன். வெள்ளிக்கிழமை மூன்று வீட்டுக்கும் போனேன். இரண்டு வீட்டில் புகைப்பவர்கள் இல்லை, போதும் நிறுத்துங்கள் என்றதும் சரி என்றார்கள். மணவாளக்குறிச்சி சித்தப்பா மட்டும் காதில் பீடியைச் செருகிக்கொண்டு, இப்போது கடையில் தானே வாங்கிப் போடுவதாகவும், பீடியை வேண்டுமானால் விடுவேன், மாத்திரையை விடமாட்டேன் என்றும் சொன்னார். நான் இருந்த அரைமணி நேரத்தில் இரண்டு பீடி ஆயிற்று. அவர் இருமுகிற சத்தம் எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். அடுத்த வாரம் சித்தியோடு பேசி அவரைப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போவேன். நீ கடை திறந்தால் இப்படி எத்தனை வீட்டுக்கு நான் போகமுடியும்? வாங்க வருகிறவனிடம் நீ புகைப்பாயா என்று கேட்பாயா? கேட்டால்தான் நிஜம் சொல்வானா, பக்கத்தில் செல்லத்துரை நின்றால்?

நேற்று ஞாயிறு. பணிவிடை முடிந்ததும் செல்லத்துரையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். உங்கள் அண்ணன் சிகரெட் குடிப்பார், அன்றைக்கு டாக்டரிடம் உங்கள் முன்னால் நான் பொய் சொன்னேன், அந்தப் பொய்யால் என்ன நடந்திருக்கும் என்று எனக்கே தெரியவில்லை என்றேன். இத்தனை வருஷம் கட்டிக்காத்த மானத்தை என் வாயாலேயே இறக்கிவைத்தேன். அவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, "தெரியும் அக்கா. எல்லாருக்கும் தெரியும். நீங்க சங்கடப்படுவியன்னு நாங்க கேக்கல" என்றார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது மகனே. தெரிந்துகொண்டே அவர் கையால் நாமம் வாங்கியிருக்கிறார்கள். நான் எதைக் காப்பாற்றினேன் என்று சொல். அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே படம் கிடையாது. வெள்ளைக் கோட்டு போட்ட அந்தப் பெண் சொன்னால் ஊர் நம்பும், அதனால்தான் தரமாட்டேன். வேறு எது வேண்டுமானாலும் விற்றுக்கொள். ஏத்தங்காய் உப்பேரி வறுத்து விற்றால் நானே வந்து பொட்டலம் கட்டுகிறேன். மாத்திரையை இன்றே நிறுத்து. நிறம் இரண்டொரு மாதத்தில் போய்விடும், நிறம் போனதும் சரியாகிவிட்டது என்று மட்டும் நினைத்துவிடாதே, மாத்திரையைவிடப் பெரிய எமன் மற்றதுதான். அங்கேயே ஒரு நெஞ்சு டாக்டரைப் பார். தனியாகப் போ. எத்தனை வருஷமாக, ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்பார். குறைக்காமல் சொல். உனக்காகச் சொல்ல நான் பக்கத்தில் இருக்கமாட்டேன், அது உனக்கு நல்லது. நீ இதைப் படித்து இரண்டு நாள் கழித்து, ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் இந்தக் கடிதத்தைப் போடப்போகிறேன். வெட்கமாக இருக்கும். இருக்கட்டும்.

இனி உன் பங்கு என்ன என்று சொல்லிவிடுகிறேன், நீ உட்கார்ந்து தப்பாகக் கணக்குப் போடுவாய். புட்டி அனுப்பியது அன்பு, அதில் உன்மேல் குற்றமில்லை, உனக்குத் தெரியாது. ஏன் என்று கேட்காமல் தினமும் எடுத்துக்கொடுத்தது நான். டாக்டரிடம் பொய் சொன்னதும், உன்னிடம் மறைத்ததும் நான். இதைப் படித்து முடித்ததும் நீ அழுவாய், எனக்குத் தெரியும், அப்பாவை நினைத்து நன்றாக அழு. அழுது முடிந்ததும் நெஞ்சு கனக்கும், கதவைத் திறந்து வெளியே போய் ஒன்றே ஒன்று பற்றவைத்தால் ஆறும் என்று தோன்றும். அந்த ஒன்றைப் பற்றவைக்காதே மக்கா.